வலைக் கண்ணில் நழுவும் கரை

புத்தளத்தை விட்டுப் பாலாவிச் சந்தியிலே மேற்கே திரும்பிக் கற்பிட்டி வீதியிற் போகிறவர்களுக்கு வழிநெடுகிலும் இரண்டு நீர்கள் துணை வருகின்றன. வலக்கைப் பக்கத்திலே களப்பு, கண்ணாடி விரித்தது போலக் கிடக்கும். இடக்கைப் பக்கத்திலே, தென்னந்தோப்புகளுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் இரைந்துகொண்டிருக்கும் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில கிலோமீற்றர் அகலமேயுள்ள ஒரு மணல் நாக்கு. அந்த நாக்கின் நுனியிலே ஒல்லாந்தர் 1676ஆம் ஆண்டிற் கட்டி முடித்த கோட்டை இன்றும் நிற்கின்றது.

சில வாரங்களுக்கு முன் நாம் அவ்வழியே போனோம். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் நம் மருமகனும் உடன் வந்தான். தலவிலைக்கு அப்பால் கடற்கரைப் பக்கம் இறங்கியபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரு தலைப்புக் கயிறுகளையும் பற்றிக்கொண்டு இரண்டு வரிசை மனிதர்கள் பின்னோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு கேள்வியைப் போட்டான்.

“மாமா, நாளைக்கு மழை பெய்யுமா பெய்யாதா என்றே திட்டமாய்ச் சொல்ல முடியவில்லை. இன்னும் ஐம்பது வருஷத்தில் கடல் எவ்வளவு சூடாகும், காடு என்ன ஆகும் என்றெல்லாம் கணினியில் மாதிரி செய்து பார்த்துச் சொல்கிறார்களே, அதை எப்படி நம்புவது?”

நியாயமான கேள்விதான். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, பத்திரிகை படிக்கும் பெரியவர்களும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. விடை எதிரேயே, மணலிலே கிடந்தது.

“அதோ நிற்கிறாரே சம்மாட்டியார், அவரிடம் போய் இந்த வலையிலே இன்றைக்கு எத்தனை மீன் விழும் என்று கேள். சிரிப்பார். ஆனால் சோழகக் காற்று பிறந்துவிட்டால் இந்தக் கரையிலே வலை வளைக்க முடியாது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமற் சொல்வார். முன்னது வானிலை. பின்னது காலநிலை. ஒரு நாளின் நடத்தை வேறு, ஒரு காலத்தின் இயல்பு வேறு” என்றோம்.

அவனுக்கு அரைத் திருப்திதான். மீதி அரைக்காகவே இக்கட்டுரை.

கணக்கால் ஓர் உலகம்

மாதிரி என்றவுடன் களிமண்ணாற் செய்த பொம்மைதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசும் மாதிரி கணிதத்தால் ஆனது. காற்றையும் கடலையும் சிறு சிறு பெட்டிகளாகக் கற்பனையில் அறுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் வெப்பம், அமுக்கம், ஈரம், ஓட்டம், கடலாயின் உப்பு ஆகியவற்றை எண்களாகக் கொடுக்கிறார்கள். வெப்பம் எப்படிப் பரவும், நீர் எப்படி ஆவியாகும், அமுக்கம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று எப்படி ஓடும் என்பன பௌதிகத்தின் பழைய விதிகள். அவ்விதிகளின்படி ஒவ்வொரு பெட்டியும் தன் அயற்பெட்டிக்கு எதைக் கொடுக்கிறது, எதை வாங்குகிறது என்று கணக்கிட்டு, கடிகாரத்தைச் சில நிமிடம் முன்னே தள்ளி, மறுபடியும் கணக்கிடுகிறார்கள். இப்படியே நாளாகி, ஆண்டாகி, நூற்றாண்டாகி விடுகிறது.

இதை முதன்முதலாகக் கையாற் செய்து பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரிலே, பிரான்ஸ் தேசத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டியபடியே, ஓய்வு கிடைத்த நேரங்களில் இந்தக் கணக்கைப் போட்டார் அவர். மத்திய ஐரோப்பாவில் 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலையை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்கு அமுக்கம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டார். அந்த ஆறு மணி நேரத்தைக் கணக்கிட அவருக்கு ஆறு வாரம் பிடித்ததாம். விடை என்ன தெரியுமா? அமுக்கம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது! உண்மையில் அன்று அமுக்கம் அநேகமாக மாறவே இல்லை. இடையிலே கையெழுத்துப் பிரதியும் போர்க்களத்திலே காணாமற் போய், பல மாதங்களின் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலிருந்து கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு அந்தத் தோற்ற கணக்கை ஒளிக்காமல், 1922ஆம் ஆண்டிலே புத்தகமாகவே வெளியிட்டார் அந்த மனிதர். 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்திலே அமர்ந்து கணக்கிட்டால் உலக வானிலையோடு ஓடிச் செல்லலாம் என்று அதிலே ஒரு கனவும் கண்டிருக்கிறார். மண்டபம் கட்டப்படவில்லை. அதற்குப் பதில் கணினி வந்தது.

கணினி வந்தபின் இக்கலையை வளர்த்தவர்களுள் முதலிற் சொல்லத்தக்கவர் ஜப்பானிலே பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய சியுகுரோ மனாபே. காற்றிலே காபனீரொட்சைட்டு இருமடங்கானால் உலகின் சராசரி வெப்பம் இரண்டு பாகைக்குச் சற்று மேலே ஏறும் என்று அவரும் வெதரால்டு என்பவரும் 1967ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் காட்டினர். இரண்டாண்டு கழித்து கேர்க் பிரையன் என்ற கடலியல் அறிஞருடன் சேர்ந்து, காற்றையும் கடலையும் ஒரே மாதிரியில் இணைத்தார். அந்த 1969ஆம் ஆண்டு உலகத்தில் இமயமும் இல்லை, இலங்கையும் இல்லை. பாதி நிலம், பாதி நீர், அவ்வளவுதான். ஆயினும் அடிப்படை சரியாக இருந்தது. 2021ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபெல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. அன்று சொன்ன கணக்கு எத்திசையிற் போகிறது என்பதை இன்று அளந்தே பார்க்கிறோம். 1958ஆம் ஆண்டிலே ஹவாய்த் தீவின் மலையுச்சியில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

நம் சமுத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பூனாவிலுள்ள இந்திய அயனமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ரொக்சி மத்தியூ கோலும் அவர் துணைவர்களும் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1901 முதல் 2012 வரையில் மேற்கு இந்து சமுத்திரத்தின் மேல்நீர் கோடைக் காலத்தில் 1.2 பாகை செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதே நிறுவனம் கட்டிய உலக மாதிரிதான் சர்வதேச மதிப்பீடுகளிலே இந்தியாவின் சார்பில் முதன்முதலாக இடம்பெற்றது. ஆகவே இது எங்கோ மேல்நாட்டார் செய்யும் வித்தை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆறு ஏழு கண்களுக்குள் ஒரு தீவு

இனித்தான் சங்கடம் வருகிறது.

உலக மாதிரிகளில் ஒரு பெட்டியின் பக்கம் பொதுவாக நூறு கிலோமீற்றர் அளவில் இருக்கும். அதாவது ஒரு பெட்டி 10,000 சதுரக் கிலோமீற்றர். நம் தீவு முழுவதும் 65,610 சதுரக் கிலோமீற்றர். ஆகவே பீதுருதாலகால மலையும், மன்னார் மணலும், மட்டக்களப்பு வாவியும் எல்லாம் சேர்ந்து ஆறு ஏழு பெட்டிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. புத்தளம் மாவட்டம் ஒரு பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. களப்போ முந்நூற்றுச் சொச்சம் சதுரக் கிலோமீற்றர்தான். கற்பிட்டி மணல் நாக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த மாதிரியின் தேசப்படத்திலே கற்பிட்டி என்று ஓர் இடமே இல்லை. கடலிற் பாதியும் கரையிற் பாதியுமாக ஒரு சதுரம் இருக்கும், அவ்வளவே.

கரைவலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வலையின் இரு கைகளிலும் கண்கள் மிகப் பெரியவை. மீன் தாராளமாய் உள்ளே நுழைந்து வெளியே போகலாம். ஆனாலும் அவை மீனை மருட்டி நடுவே ஒதுக்குகின்றன. கடைசியில் மீன் தங்குமிடம் மடி. அங்கே கண் நெருக்கமானது. விஞ்ஞானிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பெருங்கண் மாதிரியிலே உலகம் முழுவதையும் ஓடவிட்டு, அதன் விடைகளை எல்லையாக வைத்துக்கொண்டு, ஒரு நாட்டுக்கோ ஒரு கடலுக்கோ நெருங்கிய கண்ணுள்ள மாதிரி ஒன்றை உள்ளே பொருத்துகிறார்கள். பெரியது இல்லாமற் சிறியதற்கு எல்லை தெரியாது. சிறியது இல்லாமற் பெரியதற்கு நம் ஊர் தெரியாது.

ஆனால் மடியின் கண்ணைச் சிறிதாக்கினால் மட்டும் மீன் விழுந்துவிடுமா? சிறு பெட்டி ஒவ்வொன்றுக்கும் எண்கள் வேண்டும். களப்பின் ஆழம் என்ன, மாரியில் உப்பு எவ்வளவு, கோடையில் எவ்வளவு, சேறு ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் படிகிறது, மரம் எவ்வளவு பருக்கிறது? இவற்றை எந்த வல்லமை மிக்க கணினியும் தானாகக் கண்டுபிடிக்காது. யாரோ ஒருவர் முழங்காற் சேற்றிலே இறங்கி அளந்தாக வேண்டும்.

இந்தக் கரையிலே அவ்வாறு இறங்கியவர்கள் உண்டு. அமரசிங்கவும் பாலசுப்பிரமணியமும் வடமேற்குக் கரையின் கண்டற் காடுகளிலே மரங்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் அளந்து 1992ஆம் ஆண்டிலே வெளியிட்டார்கள். பெயரும் புகழும் தேடித் தராத வேலை. பல்கலைக்கழகத்திற்கு வெளியே அதை அறிந்தவர் எத்தனை பேரோ! இன்று இக்கரைக்கு ஒரு காட்டு மாதிரி செய்ய விரும்புகிறவர் முதலிலே தேடிப் போகவேண்டியது இத்தகைய அளவுகளைத்தான்.

கடலுக்குள் ஒரு கூட்டற் கணக்கு

மாதிரி என்றால் எல்லாமே பிரமாண்டம் என்றும் நினைக்கவேண்டாம். வீட்டு மேசையிலே தாளும் பென்சிலும் கொண்டு போடத்தக்க மாதிரியும் உண்டு. கற்பிட்டிக்கு மேற்கே கடலுக்குள் இருக்கிற முருகைக்கற் பாரைப் பற்றிய கணக்கு அத்தகையது. கடலடிக் கற்றிட்டுகளைப் ‘பார்’ என்பது மீனவர் வழக்கு. இந்தப் பார் 1992ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. பரப்பு 306 சதுரக் கிலோமீற்றருக்கும் மேல்.

முருகைக்கல்லைக் கட்டுவது கடுகளவான ஒரு பிராணி. அதன் உடலுக்குள்ளே குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்துத் தன் வீட்டுக்காரனுக்கும் கொடுக்கிறது, நிறமும் கொடுக்கிறது. நீர் அளவுக்கு மேற் சூடானால் இந்தச் சிநேகம் முறிகிறது. பாசி வெளியேற, கல் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பிராணி பட்டினியால் மடியும்.

எவ்வளவு சூடு, எத்தனை நாள்? அதற்குத்தான் கணக்கு. அமெரிக்காவின் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் செய்மதிகளைக் கொண்டு கடலின் மேற்பரப்பைத் தினமும் அளக்கிறது. இதன் பெட்டி 5 கிலோமீற்றர்தான். ஓரிடத்தில் வழக்கமான ஆண்டிலே மிகச் சூடான மாதத்தின் சராசரி எதுவோ, அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் 1 பாகை ஏறி ஒரு வாரம் நின்றால் 1 என்று எழுத வேண்டும். 2 பாகை ஏறி ஒரு வாரம் நின்றால் 2. கடைசிப் பன்னிரண்டு வாரங்களின் எண்களைக் கூட்ட வேண்டும். 4 வந்தால் வெளிறல் தொடங்கும். 8 வந்தால் பெருவாரியான மடிவு. கடன்காரன் வட்டி எழுதுவது போன்ற கணக்கு!

1998ஆம் ஆண்டு கோடையில் இந்து சமுத்திரம் எங்கும் இந்த வட்டி ஏறியது. கற்பிட்டிப் பாரின் ஆழமற்ற பகுதிகளில் உயிருள்ள முருகைக்கல் அநேகமாக முற்றாக அழிந்ததை நாரா எனப்படும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி முகவரகத்தினர் பதிவுசெய்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேசை விரித்தாற் போல வளரும் ஒரு முருகை இனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பத்தாண்டு கடந்தபோது இலங்கையிலே மிக நன்றாக மீண்டெழுந்த பார்களில் ஒன்று என்று கற்பிட்டியைச் சொன்னார்கள். பிறகு 2016ஆம் ஆண்டு வந்தது. மறுபடியும் சூடு. மறுபடியும் வெள்ளை.

இரண்டுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். மீள்வதற்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் வேண்டும் என்று கண்டோம். ஆகவே கேள்வி, ‘இன்னும் ஒரு முறை வெளிறுமா?’ என்பதன்று. ‘அடுத்த முறைக்குள் எத்தனை ஆண்டு கிடைக்கும்?’ என்பதே கேள்வி. உலகின் நூறு பார்களின் வரலாற்றை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓர் ஆய்வு, 1980களின் தொடக்கத்தில் இருபத்தைந்து முப்பது ஆண்டுக்கு ஒரு முறை வந்த கடும் வெளிறல் இப்போது சுமார் ஆறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதாகச் சொல்கிறது. உலக மாதிரிகள் முன்னோக்கிச் சொல்வதோ இன்னும் கடுமை. உலகின் வெப்பம் 1.5 பாகை ஏறினால் முருகைக்கற் பார்களில் 70 முதல் 90 வீதம் அழியும் என்றும், 2 பாகை ஏறினால் அநேகமாக எதுவும் மிஞ்சாது என்றும், காலநிலைக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2018ஆம் ஆண்டிலே அறிவித்தது. அரைப் பாகை வித்தியாசம் அற்பமென்று நாம் நினைக்கிறோம். மேலே சொன்ன கூட்டற் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பன்னிரண்டு வாரத்தில் அந்த அரைப் பாகை ஆறு புள்ளி ஆகக்கூடும். 4 எங்கே, 8 எங்கே என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாரிலே மீன் குஞ்சு பொரிக்காவிட்டால் கற்பிட்டியில் வள்ளம் இறக்குவதில் அர்த்தமில்லை. அந்தப் பாருக்குத் தெற்கே, அதே கரையிலேதான், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. 2011ஆம் ஆண்டிலே முதற் பகுதி இயங்கத் தொடங்கி, 2014ஆம் ஆண்டிலே 900 மெகாவாட் ஆயிற்று. இக்கட்டுரையை நாம் எழுதும் மேசை விளக்கிலும் அந்த நிலக்கரியின் வெளிச்சம் கலந்திருக்கலாம். ஒரே கரையிலே காரணமும் காரியமும் அயலவராக இருப்பதைக் காணும்போது மனத்தில் என்னவோ செய்கிறது.

மரத்துக்கு மரம் போடும் கணக்கு

கடலை விட்டுக் களப்புப் பக்கம் வருவோம். கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து விழும் புத்தளக் களப்பின் ஓரங்களிலே கண்டற் காடுகள் உண்டு. மிண்டி வேர்களைக் கால்களாக ஊன்றி நிற்கும் மரம் ஒன்று. சேற்றுக்கு மேலே ஆணி அடித்தாற் போலச் சுவாச வேர்களை நீட்டும் வெண்கண்டல் வேறொன்று. இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இதுவே தொட்டில். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. இந்து, பசுபிக் சமுத்திரங்களின் கரைகளிலே 25 இடங்களில் அளந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு ஹெக்டேயர் கண்டற் காடு சராசரியாக ஆயிரம் தொன்னுக்கும் மேலான காபனைத் தன்னிடம் பூட்டி வைத்திருக்கிறது. அதிலே பெரும்பங்கு இலையிலும் தண்டிலும் இல்லை; காலுக்குக் கீழே நாறும் அந்தக் கருஞ்சேற்றில் இருக்கிறது.

காட்டுக்கு மாதிரி செய்யும் வழி 1972ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டிலே தொடங்கியது. பொட்கின், ஜனக், வாலிஸ் என்ற மூவர் கணினிக்குள்ளே மரத்துக்கு மரம் தனித்தனியாக நட்டார்கள். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எவ்வளவு பருக்கும், அயல்மரம் எவ்வளவு வெயிலை மறைக்கும், எது சாகும், அந்த வெளியிலே எது முளைக்கும் என்று கணக்கிடச் செய்தார்கள். தங்கள் பெயர்களின் தலையெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஜபோவா’ என்று பெயரும் வைத்தார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியரான ஊட்டா பேர்கரும் ஹில்டன்பிராண்டும் 2000ஆம் ஆண்டிலே கண்டலுக்கென்றே ஒரு மாதிரியை வகுத்தனர். அதிலே ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு செல்வாக்கு வட்டம் உண்டு. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போட்டி. சேற்றின் உப்பு மிகுந்தால் வளர்ச்சி குறையும்.

மரத்தின் எடையை வெட்டாமல் அறிவதெப்படி என்று கேட்கலாம். விட்டத்தை அளந்தால் போதும். கோமியாமா என்ற ஜப்பானிய அறிஞரும் அவர் துணைவர்களும் 2005ஆம் ஆண்டிலே தந்த சூத்திரத்தின்படி, ஒரே இனத்தில் விட்டம் இருமடங்கானால் எடை ஐந்தரை மடங்காகும். ஆகவே பருத்த ஒரு மரத்தை வெட்டிவிட்டு மெல்லிய இரண்டு கன்றை நட்டேன் என்று சொல்பவர் கணக்குத் தெரியாதவர்.

கண்டலுக்கு இன்று வந்திருக்கும் சோதனை நீர்மட்டம். உலகின் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீற்றர் வீதம் ஏறியது. 2006 முதல் 2018 வரையில் அது 3.7 மில்லிமீற்றர் ஆகிவிட்டது. கண்டல் சும்மா நின்று மூழ்குவதில்லை. வேரிலே வண்டலைப் பிடித்துத் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. உலகின் 78 இடங்களிலே பூமிக்குள் புதைந்த பழஞ்சேற்றை எடுத்து, கடந்த பத்தாயிரம் ஆண்டு வரலாற்றைச் சோதித்த சென்டிலனும் அவர் கூட்டத்தாரும், ஆண்டுக்கு 6 மில்லிமீற்றருக்கு மேல் நீர் ஏறினால் கண்டல் ஈடுகொடுப்பது அரிது என்று 2020ஆம் ஆண்டிலே அறிவித்தார்கள்.

நம் களப்பிலோ வற்று பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வண்டல் கொண்டு வரும் கலா ஓயாவை மேலே கலா வாவியும் இராஜாங்கனைக் குளமும் மறித்து நிற்கின்றன. குளம் வண்டலை அடியிலே தேக்கிக்கொள்வது இயல்பு. தரை உயராவிட்டால் கண்டலுக்கு ஒரே வழி பின்வாங்குவது. பின்னாலே என்ன இருக்கிறது? சில இடங்களில் உப்பளம், சில இடங்களில் வீதி, பல இடங்களில் இறால் குட்டை.

1980களிலே இக்கரையில் இறால் வளர்ப்பு பெருகிய வேகம் பலருக்கு நினைவிருக்கும். கண்டலை அழித்துக் குட்டை வெட்டினார்கள். 1996ஆம் ஆண்டிலே வெண்புள்ளி நோய் வந்து இறாலை வாரிக்கொண்டு போயிற்று. கைவிடப்பட்ட குட்டைகள் மரமும் இல்லாமல் இறாலும் இல்லாமல் இன்னும் பாளம் பாளமாய்க் கிடக்கின்றன.

‘அப்படியானால் கன்று நடுவோம்’ என்று நல்ல மனத்தோடு பலரும் புறப்பட்டார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் நட்டார்கள். றுகுணுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொடிகாரவும் அவருடன் சேர்ந்த உள்நாட்டு, பெல்ஜிய ஆய்வாளர்களும் அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து 2017ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிவு நெஞ்சைச் சுடும். 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டது. தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களிலே ஒரு கன்றுகூட உயிரோடில்லை. காரணங்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும்: நீர் அதிகம் நிற்கும் இடத்திலே நட்டார்கள், அல்லது நீர் எட்டாத மேட்டிலே நட்டார்கள், நட்ட பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மாடு மிதித்தது, பாசி மூடியது. ஒரு சாண் உயர வித்தியாசத்தை அளக்காத பிழை அது.

பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் நாடு முழுவதிலும் மூன்றே மூன்று. நீர்கொழும்பு ஒன்று. மற்ற இரண்டும் புத்தளம் மாவட்டத்திலே உள்ளவை: கற்பிட்டியும், சிலாபத்தை அடுத்த பம்பலையும். இதைப் படித்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வு பிரித்துக் காட்டிய பெருங்காரணம் பின்பராமரிப்பு.

அதன்பின் போக்கு சற்றே மாறியிருக்கிறது. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தாவ ஈரநிலத்திலே, கைவிட்ட இறால் குட்டைகளில் முதலிலே கன்று நடுவதை விட்டு, நீரோட்டத்தைச் சீராக்கி வற்றும் பெருக்கும் பழையபடி வந்துபோக வழி செய்கிறார்கள். நீர் சரியாக வந்தால் விதை தானே மிதந்து வந்து தனக்கேற்ற உயரத்திலே ஊன்றிக்கொள்ளும். வயம்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை செவ்வந்தி ஜயக்கொடி போன்றோர் இவ்வழியை எடுத்துச் சொல்லி வருபவர்கள். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை 2024ஆம் ஆண்டிலே உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மாதிரியின் பயன் இங்கேதான் வீட்டு வாசலுக்கு வருகிறது. எந்தக் குட்டையைத் திறந்தால் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் அங்கே கண்டல் நிற்கும், எந்தக் குட்டை அதற்குள் முழு நேரமும் நீருக்கடியிலே போய்விடும் என்று நடுமுன்னே சொல்ல வேண்டும். பெருங்கண் மாதிரி கடல் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்லும். குட்டையின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சேறு எவ்வளவு படிகிறது என்பதை இங்குள்ளவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் விடை.

சமையற்கட்டுக்கும் இதிலே பங்குண்டு. பாலாவி உப்பளங்களுக்கு வேண்டியது நீண்ட வெயில். பருவம் தப்பிப் பெய்த ஒரு மழை பாத்தியிலே விளைந்ததைக் கரைத்துவிடும். மழை மிகுந்து உப்பு விளைச்சல் விழுந்தபடியால் 2025ஆம் ஆண்டிலே நம் நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கவேண்டி வந்ததை இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு!

அன்று மாலை கற்பிட்டியில் களப்போரமாய் நடந்தோம். நீர் வற்றியிருந்தது. மருமகன் கடையிலே வாங்கிய தையற்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு, காலணியைக் கழற்றி, சேற்றில் இறங்கினான். மிண்டி வேருள்ள கண்டலை அளக்கும்போது, நெஞ்சுயரத்தில் அல்ல, தண்டோடு சேரும் கடைசி வேருக்கு ஒரு அடி மேலே அளக்கவேண்டும் என்பது விதி. மூன்று மரங்களை அளந்தான். நடுமரத்தின் சுற்றளவு 44 சென்ரிமீற்றர்; அப்படியானால் விட்டம் 14. குறிப்புப் புத்தகத்திலே தேதியையும் மணியையும் எழுதிக்கொண்டான்.

“இது ஒன்றுக்கும் போதாது, இல்லையா மாமா?”

“ஒரு தடவை அளந்தால் போதாது.”

சற்று யோசித்தான். பிறகு மறுபடியும் குனிந்து, வேரிலே ஈரத்தின் கோடு சேற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நாடாவைப் பிடித்துப் பார்த்து, அதையும் எழுதினான்.